ஃபோர்மேன் கடித்தால் கத்த வேண்டும்

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, பட்டம் விடும்போது நூல் அறுக்குமே, அந்த மெல்லிய சதையில்தான் எனக்கு முதல் கடி விழுந்தது.

மதிய நேரம். ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிய அலுமினியத் தாளுக்கு அந்தப் பக்கம் வளைகுடா வெயிலில் சத்வா வெந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கம் ஏசியின் ஈரக் குளிர். பக்கத்துக் கட்டிலில் ரூபன் தலையோடு போர்த்திக்கொண்டு தூங்கினான். என் மடியில் ஒரு கைப்பிடி உயிர், இரண்டு மிளகுக் கண்களால் என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தது. முதுகை ஒருமுறை தடவினேன். இரண்டாம் முறை தடவக் கை போனபோது நாலு ஊசிகள் ஒன்றாக இறங்கின.

வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. நான் வரவிடவில்லை. பேக்கரியில் இரவெல்லாம் மாவோடு மல்லுக்கட்டிவிட்டுக் காலையில்தான் வந்து படுத்திருக்கிறான் ரூபன். அவன் தூக்கத்தில் கல்லெறிய எனக்கு என்ன உரிமை? உதட்டை மடித்து உள்ளே வைத்துக்கொண்டேன். கண்ணில் நீர் முட்டியது.

அது கடித்தபடியே நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தியது. மறுபடி பார்த்தது.

வலியை விட அந்தப் பார்வைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. கடித்துவிட்டு ஏன் பார்க்கிறது? எதையோ எதிர்பார்த்துக் காத்திருக்கிற பார்வை அது. கதவைத் தட்டிவிட்டு உள்ளே காலடிச் சத்தம் கேட்கிறதா என்று நிற்பவர் பார்வை.

எதற்குக் காத்திருந்தது? அந்தக் கோடை முழுக்க நான் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கால் முளைத்த காலுறை

இந்தத் தொடரை விடாமல் வாசிப்பவர்களுக்கு எங்கள் அறை தெரியும். புதிதாக இந்த வாரம் புரட்டுபவர்களுக்காக: சத்வாவில் தையல் கடைகள் வரிசையாக இருக்கிற ஒரு சந்து, அதில் ஒரு பழைய கட்டடம், அதில் ஓர் அறை, அதில் மூன்று கட்டில். நான் போர்டு கடையில் எழுத்து வெட்டுகிறவன். காலையில் போய், மதியம் கடை சாத்தியதும் வந்து, சாயங்காலம் மறுபடி போகிறவன். ரூபன் யாழ்ப்பாணம், பேக்கரியில் இரவு டியூட்டி. செல்வம் அறந்தாங்கி பக்கம், ஏசி டெக்னீஷியன்.

செல்வம்தான் அதைக் கொண்டுவந்தான்.

சென்னைக் குடும்பம் ஒன்றின் வில்லாவில் ஏசி சர்வீஸ் செய்யப் போயிருக்கிறான். ஏணியில் ஏறி, பொய்க்கூரைக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தபோது கீழே வீட்டுக்காரரின் குரல். மகள் தியாவுக்கு ஆசையாக வாங்கிக் கொடுத்த ஃபெரட் குட்டி, அவளைக் கையில் ஒருமுறை, தாடையில் ஒருமுறை கடித்துவிட்டது. கடிக்கிற பிராணியைக் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள், வேறு யாருக்கும் தள்ளிவிடவும் முடியாது, லீவுக்கு ஊருக்குக் கிளம்புமுன் வெட்டினரி டாக்டரிடம் கொண்டுபோய் ஊசி போட்டு முடித்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள்.

செல்வம் கூரையிலிருந்து தலையை வெளியே எடுத்தான். தலையெல்லாம் தூசி. "சார், நீங்க லீவு முடிஞ்சு வர்ற வரைக்கும் நான் வச்சிருக்கேன் சார். கடிக்காம பழக்கித் தர்றேன்."

"உனக்குத் தெரியுமா இதெல்லாம்?"

"தெரியும் சார்."

ஒன்றும் தெரியாது. ஆட்டுக்குட்டி தவிர வேறெதையும் அவன் கையில் எடுத்ததில்லை. பிறகு நான் கேட்டபோது, "ஏணில நிக்கிறப்ப வாய் தானா சொல்லிருச்சுண்ணே" என்றான்.

வீட்டுக்காரர் ஒரு நிபந்தனை வைத்தார். பள்ளிக்கூடம் திறக்கும்போது கொண்டு வர வேண்டும். அன்றைக்கு யாரையாவது கடித்தால், அதோடு சரி. ஊசிதான்.

கூண்டோடு அவன் அறைக்குள் நுழைந்த சாயங்காலம் ரூபன் அப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருந்தான்.

"உது என்ன சாமான்?"

"ஃபெரட்டாம்."

"கீரியோ?"

"கீரி மாதிரி. ஆனா கீரி இல்ல."

கூண்டைத் திறந்தான் செல்வம். வெளியே வந்தது, கால் முளைத்த ஒரு காலுறை. அப்படித்தான் எனக்குத் தோன்றியது. முதுகெலும்பை எங்கேயோ மறந்து வைத்துவிட்டு வந்த உடம்பு. நடக்கவில்லை, ஊற்றினாற்போல் தரையில் ஓடியது. ஒவ்வொரு கட்டிலுக்கு அடியிலும் போய்ப் பார்த்தது. என் செருப்பை முகர்ந்து தும்மியது. பிறகு முதுகை வில்லாக வளைத்து, பக்கவாட்டில் துள்ளித் துள்ளி ஒரு ஆட்டம். தொண்டைக்குள் யாரோ சோழி குலுக்குவது போல ஒரு ஒலி. அறையில் புது வாசம்: ஈரத்தோடு மடித்து வைத்த கம்பளியும், எங்கோ ஓர் ஓரத்தில் தேனும்.

ஆட்டம் முடிந்ததும் ரூபனின் கணுக்காலைக் கடித்தது. செல்வத்தின் முழங்கையைக் கடித்தது. பிறகு என் தலையணையில் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டது.

"நாள் முழுக்கத் தூங்குது. எழும்பினா ஒரு ரவுண்டு போய் எல்லாத்தையும் மணந்து பாக்குது. ஒரு வேலையும் இல்லை. ஆனா எல்லாரையும் கடிக்குது" என்றான் ரூபன் கணுக்காலைத் தேய்த்தபடி. "எங்கட ஃபோர்மேனை உரிச்சு வச்ச மாதிரி."

தியா அதற்கு ஏதோ ஜப்பான் இனிப்பின் பெயர் வைத்திருந்தாளாம். எங்களுக்கு அது ஃபோர்மேன் ஆகிவிட்டது.

தூங்கும் அறை

எங்கள் அறைக்கு ஒரே ஒரு சட்டம். சத்தம் கூடாது.

யாரும் எழுதி ஒட்டவில்லை. காலையில் ரூபன் வந்து படுப்பான். அவன் எழுகிற நேரத்துக்கு செல்வம் வந்து விழுவான். கோடையில் ஊர் முழுக்க ஏசி மூச்சு முட்டிச் சாகும், எப்போது வேண்டுமானாலும் அவனுக்கு எமர்ஜென்சி டியூட்டி வரும். அவன் எழுந்து ஓடும்போது நான் படுப்பேன். ஆள் மாறும், தூக்கம் மாறாது. அந்த அறை எப்போதும் யாருடைய தூக்கத்தையாவது சுமந்துகொண்டே இருக்கும்.

அதனால் எங்கள் அலாரங்கள் ஒலிப்பதில்லை, தலையணைக்கு அடியில் அதிரும். டம்ளரைத் துண்டு விரித்து அதன்மேல் வைப்போம். கதவுத் தாழ்ப்பாளுக்குத் தேங்காய் எண்ணெய். பிளாஸ்டிக் பை சரசரப்பது கொலைக்குற்றம். ஃபோன் பேச வேண்டுமா, மாடிப்படி. தும்மல் வந்தால் குளியலறை. எங்களைப் பார்த்தால் மூன்று திருடர்கள் தங்கள் சொந்த வீட்டிலேயே திருட வந்தது போலிருக்கும்.

எனக்கு இது சத்வாவில் வந்த பழக்கம் இல்லை. அதற்கு முன்பு சில வருஷம் ருவைஸில், எண்ணெய் ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கிற ஷட்டவுன் வேலைக்கு ஆள் அனுப்புகிற ஒரு கம்பெனியின் கேம்ப்பில் இருந்தேன். அங்கேதான் விளக்கைப் போடாமல் சட்டை மாட்டவும், இருட்டில் என் பல்துலக்கியை விரலால் அடையாளம் காணவும் கற்றேன். இன்னொன்றும் அங்கே கற்றேன் என்று இப்போது தோன்றுகிறது.

கோட்டைச்சாமி என்று ஒரு பைப் ஃபிட்டர். ஒருநாள் சைட்டில் அவர் காலில் இரும்பு விழுந்தது. நாங்கள் நாலு பேர் ஓடினோம். அவர் கையை ஆட்டி, "மாஃபி முஷ்கில், மாஃபி முஷ்கில்" என்றார். ஒன்றும் பிரச்சினை இல்லையாம். டியூட்டி முடிகிறவரை நின்றே வேலை செய்தார். கேம்ப்புக்கு வந்து பூட்ஸைக் கழற்றியபோது காலுறை தனியாக வரவில்லை. அதற்குப் பிறகும் மனைவிக்கு ஃபோன் போட்டு, "நல்லாருக்கேன், இன்னைக்கு மீன் குழம்பு" என்று பேசிக்கொண்டிருந்தார். நான் எதிர்க் கட்டிலில் உட்கார்ந்து அந்தக் காலையும் அந்தக் குரலையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். இரண்டும் ஒரே ஆளுடையவை என்று நம்ப முடியவில்லை.

ஃபோர்மேன் வந்து சேர்ந்தது இப்படிப்பட்ட ஆட்களிடம்.

கடித்தது. நாங்கள் உதட்டை மடித்தோம். இன்னும் அழுத்திக் கடித்தது. கண்ணை மூடினோம். மெதுவாக அதன் வாயிலிருந்து விரலைக் கழற்றி, சத்தமில்லாமல் குழாயடியில் கழுவி, சத்தமில்லாமல் பிளாஸ்திரி ஒட்டினோம். அது ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து எங்கள் முகத்தைப் பார்த்தது.

கையுறை

முதல் யோசனை செல்வத்துடையது. தகரம் அறுக்கும்போது மாட்டுகிற தடித்த தோல் கையுறையை எடுத்து வந்தான்.

"எவ்வளவு கடிச்சாலும் நமக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே. கடிச்சுக் கடிச்சு அதுக்கே அலுத்துப்போயி விட்டுரும்."

அலுக்கவில்லை. அந்தத் தோலை அது மனதாரக் கடித்தது. தொங்கியது, ஆடியது, சோழி குலுக்கியது. இத்தனை நாள் ஊசியாக இருந்த பல் இப்போது கொக்கி ஆனது. கையுறையைக் கழற்றி வெறுங்கையை நீட்டினால் அதே பலத்தோடு பாய்ந்தது. பாவம், அதற்கு என்ன தெரியும்? கை என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் கடிக்கலாம், கைக்கு ஒன்றும் ஆகாது. நாங்கள்தானே அப்படிச் சொல்லிக் கொடுத்தோம்.

ரூபன் கையில் வெண்ணெய் மணக்கும், அதனால் அவனுக்குக் கடி அதிகம். "நான் வேலையை விட்டாத்தான் உது என்னை விடும் போல" என்றான்.

கோடை கரைந்துகொண்டிருந்தது. தியாவின் அம்மா ஊரிலிருந்து செல்வத்துக்குக் குரல்செய்தி அனுப்பினார். "குழந்தை தினமும் கேக்கறா செல்வம். இப்ப கடிக்கறதில்லையே?" அதை மாடிப்படியில் நின்று இருவரும் கேட்டோம். செல்வம் ஒரு பதிலை அடித்தான், அழித்தான்.

"பரவால்ல மேடம், நல்லாருக்கு" என்று கடைசியில் அனுப்பினான்.

செல்வத்தின் முன்கை

ஒரு சாயங்காலம் ஃபோர்மேன் அவனுடைய முழுக்கைச் சட்டையின் கைக்குள் புகுந்து, தோள்பக்கம் தலையை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது. தூங்கும்போது அதைப் போல நல்ல பிராணி உலகத்தில் இல்லை. அசைந்தால் எழுந்துவிடும் என்று செல்வம் ஒரு பக்கமாகவே உட்கார்ந்து ஒற்றைக் கையால் சாப்பிட்டான்.

"எதுக்குடா இவ்வளவு பாடு?" என்றேன், குசுகுசுவென்று.

அவன் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னான்.

போன லீவில் ஊருக்குப் போனபோது மகளை முதல்முறை நேரில் பார்த்தான். நடக்கத் தொடங்கியிருந்தாள். தூக்கப் போனான். அவள் அவன் முன்கையில் கடித்துவிட்டாள். வீடே சிரித்தது. அவனும் சிரித்தான். அடுத்த நாளும் தூக்கினான், கடித்தாள். லீவு முடிகிறவரை கடித்தாள். ஒருநாள் கூட அவன் 'ஸ்' என்று சொல்லவில்லை.

"வலிக்கலையா?"

"பயங்கர வலிண்ணே. ஆனா சொன்னா கொழந்தைய வைவாங்க. அப்புறம் எங்கிட்ட வரவே வராதுன்னு நெனச்சேன்." ரொட்டியைக் கீழே வைத்தான். "இப்பவும் வரல. வீடியோ காலுல அவுக அம்மா முதுகுக்குப் பின்னாடி போயி ஒளிஞ்சுக்குது."

சட்டைக்குள் ஃபோர்மேன் புரண்டது. செல்வம் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

"அந்தப் பொண்ணு அழுதுச்சுல்லண்ணே, நான் கூரைக்குள்ள இருந்தப்ப. கடிச்சதுக்கு அழுவல. கொன்னுபுடுவாகளேன்னு அழுதுச்சு."

  பக்கத்துத் தையல் கடையிலிருந்து மிஷின் ஓடும் ஒலி சுவர் வழியாக வந்துகொண்டிருந்தது.

ரூபனின் பெருவிரல்

விடை வந்தது ஒரு போர்வைக்குள்ளிருந்து.

அன்றும் மதியம். நான் கட்டிலில் சாய்ந்து கடைக்கான எழுத்து ஒன்றைக் காகிதத்தில் வரைந்துகொண்டிருந்தேன். ஃபோர்மேன் ரவுண்டு போய்க்கொண்டிருந்தது. ரூபனின் போர்வை நுனியில் கால் பெருவிரல் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். ஃபோர்மேனும் பார்த்தது. நான் எழுவதற்குள் அது போய்ச் சேர்ந்துவிட்டது.

"ஐயோ அம்மா!"

கட்டடமே எழுந்து உட்கார்ந்திருக்கும். ஆழ்ந்த தூக்கத்தில் இருந்தவன். சட்டமாவது, டியூட்டியாவது. தூக்கத்தில் ஒரு ஆள் தானாகத்தானே இருப்பான். அடிவயிற்றிலிருந்து, கீச்சென்று, சின்னப் பிள்ளை மாதிரிக் கத்தினான்.

ஃபோர்மேன் விட்டது.

உடனே விட்டது. தரையோடு ஒட்டிக்கொண்டது. இரண்டடி பின்னால் போனது. கழுத்தை நீட்டி, ரூபனின் முகம் இருக்கிற திசையைப் பார்த்தது. பிறகு மெல்ல வந்து அதே பெருவிரலை நக்கத் தொடங்கியது. ஒருமுறை, இருமுறை இல்லை. சாவகாசமாக, சுற்றிச் சுற்றி.

 இதற்காகவா? இத்தனை நாளும் கடித்துவிட்டு, கடித்துவிட்டு நீ நிமிர்ந்து பார்த்தது இதற்காகவா?

"என்ன அண்ணை, சிரிக்கிறியள்?" ரூபன் எழுந்து உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"ரூபா, திரும்ப ஒருதரம் கத்து."

"உங்களுக்கென்ன விசரோ?"

அவனை விட்டுவிட்டு ஃபோனில் தேடித் தேடி வாசித்தேன். குட்டிகள் ஒன்றையொன்று கடித்துத்தான் விளையாடுமாம். அதிகமாகப் போனால் கடிபட்டது கீச்சிடும், விளையாட்டை விட்டு விலகிவிடும். அப்படித்தான் எவ்வளவு பல் போதும் என்று ஒவ்வொன்றும் அளவு பழகும். இதைச் சீக்கிரமே கூட்டத்திலிருந்து பிரித்து விற்றிருக்க வேண்டும். அது கடித்துக் கடித்துக் கேட்டுக்கொண்டிருந்தது, இது போதுமா, இது அதிகமா என்று. வில்லாவில் தியா அழுததைப் பற்றி அவள் அம்மாவிடம் பிறகு விசாரித்தோம். அவள் கடிபட்ட நேரத்தில் அழவில்லை. அப்பா திட்டுவார் என்று மறைத்து வைத்திருந்து, காயம் தெரிந்த பிறகுதான் அழுதிருக்கிறாள்.

எல்லா ஃபெரட்டுக்கும் கத்தல் பலிக்குமா என்று எனக்குத் தெரியாது. சிலது இன்னும் குஷியாகி விடும் என்றும் எழுதியிருந்தார்கள். எங்களுடையது கேட்டது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

கத்தப் பழகினோம்

மூன்று பேரும் சேர்ந்து விழித்திருப்பது ஞாயிறு மதியம் மட்டும். அன்றைக்குப் பாடம் தொடங்கியது. பாடம் யாருக்கு என்பது கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிட்டது.

செல்வம் கையை நீட்டினான். ஃபோர்மேன் கடித்தது. செல்வம் உதட்டை மடித்தான்.

"கத்துடா!"

"ஆ" என்றான், கூட்டத்தில் பேர் கூப்பிட்டதும் கை தூக்குகிறவனைப் போல.

"அது கடிச்சு முடிச்சு, கோப்பி குடிச்சு முடிய நீ 'ஆ' எண்டுறாய்" என்றான் ரூபன். "நான் காட்டுறன் பார்." காட்டப் போனான். விழித்திருக்கிற ரூபனுக்கும் வரவில்லை. முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, வாயிலிருந்து வந்தது ஒரு கொட்டாவி.

எனக்கும் அதே கதைதான். சத்தம் தொண்டைவரை வரும், அங்கே வழக்கமான வாட்ச்மேன் நின்று திருப்பி அனுப்பிவிடுவான். மூன்று தடிமாடுகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து, ஒரு குட்டிப் பிராணிக்கு முன்னால் "ஆ", "ஆ" என்று பழகிக்கொண்டிருந்தோம். சிரிப்பு வந்து வயிறு வலித்தது. அந்தச் சிரிப்பிலேயே ஒரு கடி விழ, செல்வம் தன்னை மறந்து "ஆத்தீ!" என்று கீச்சிட்டான்.

ஃபோர்மேன் விட்டது. பார்த்தது. நக்கியது.

உடனே ரூபன் கரண்டியில் முட்டை மஞ்சள்கருவை நீட்டினான். அன்றிலிருந்து அதுதான் முறை. கடித்தால் அந்தக் கணமே கீச்சென்று கத்து. கையை வெடுக்கென்று இழுக்காதே, இழுத்தால் அதற்கு விளையாட்டு. கீழே விட்டுவிட்டு முதுகைத் திருப்பிக்கொள். சமாதானமாக வந்து நக்கினால் கரண்டி.

கதவு தட்டப்பட்டது.

கான் பாய். கட்டடத்தின் நாத்தூர், அதாவது எங்கள் வாட்ச்மேன். பெஷாவர்க்காரர், தாடிக்கு மருதாணி. இந்தக் கட்டடத்தில் பிராணி வளர்க்கக் கூடாது, தெரிந்தால் மூன்று பேரும் தெருவில். செல்வம் ஃபோர்மேனைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு கதவை ஒரு சாண் திறந்தான்.

"கியா ஹுவா பாய்? கோன் சில்லாயா?" யார் கத்தினது என்றார்.

"தாந்த் மே தர்த், கான் பாய்." செல்வம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பல்வலி என்றான்.

அச்சா என்று போனவர், கொஞ்ச நேரத்தில் ஒரு காகிதப் பொட்டலம் நிறையக் கிராம்போடு வந்தார். கடைவாயில் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

அடுத்த கத்தலுக்கு ரூபனுக்குப் பல்வலி. அதற்கடுத்ததற்கு எனக்கு. கான் பாய் வாசலில் நின்று எங்கள் மூவரையும் தாடியைத் தடவியபடி பார்த்தார். "தீனோன் கோ?" மூணு பேருக்குமா? தலையை ஆட்டினோம். "தோ பானி கராப் ஹை" என்று முடிவு கட்டினார். தண்ணீரில்தான் கோளாறு.

அந்த வாரமே ஆள் கூட்டி மொட்டைமாடித் தொட்டியைச் சுத்தம் செய்ய வைத்தார். வருஷக்கணக்கில் கேட்டும் நடக்காத வேலை அது. எங்களைப் படியில் பார்த்த தையல்கடைக்காரர்கள் நன்றி சொன்னார்கள்.

கடிகள் மெலிந்தன. கொக்கி ஊசியானது, ஊசி கிள்ளலானது, கிள்ளல் ஈரமான ஒரு தொடுதல் ஆனது. விரலை வாயில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்க்கும். போதுமா? போதும்டா. விட்டுவிடும்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் கத்தலில் ரூபன் தூக்கம் கலைந்தது உண்மை. ஆனால் அவன் ஒருநாளும் ஏசவில்லை. போர்வைக்குள்ளிருந்து "நேரத்துக்குக் கத்தினியளோ?" என்று மட்டும் கேட்பான். ஓம் என்றால் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

வில்லாவில்

பள்ளி திறக்கிற வாரம் வந்தது. கூண்டின்மேல் கைலியைப் போர்த்தி செல்வமும் நானும் படியிறங்கினோம். ரூபன் வரவில்லை, டியூட்டி முடிந்து வந்திருந்தான். கரண்டியை மட்டும் கூண்டுக்குள் போட்டு அனுப்பினான்.

கீழே கான் பாய் வெளிக்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். கைலியைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

"தாந்த் ஜா ரஹா ஹை?" பல்லு கிளம்பிடுச்சா?

செல்வம் அசடு வழிந்தான். கான் பாய் கைலியின் ஓரத்தை இழுத்து, வெயில் படாதபடி சரிசெய்துவிட்டார்.

வில்லாவின் ஹாலில் பளிங்குத் தரை. வீட்டுக்காரர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் மனைவி எங்களுக்கு ஜூஸ் வைத்தார். யாரும் குடிக்கவில்லை. தியா தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள், தாடையில் இரண்டு வெள்ளைப் புள்ளிகளாகப் பழைய தழும்பு.

"அங்கிள், டஸ் ஹி ஸ்டில் பைட்?"

செல்வம் கூண்டைத் திறந்தான்.

ஃபோர்மேன் ஊற்றிக்கொண்டு வெளியே வந்தது. பளிங்கில் வழுக்கி, எழுந்து, துள்ளியது. தியாவின் முழங்காலை முகர்ந்தது. கையை முகர்ந்தது. பிறகு அவள் சுண்டுவிரலை வாயில் எடுத்தது.

நான் விரலைப் பார்க்கவில்லை. அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்தேன். அவள் உதட்டை மடித்து உள்ளே வைத்துக்கொண்டாள்.

எனக்குத் தெரிந்த முகம் அது. எங்கள் அறையில் மூன்று பேருக்கும் தெரிந்த முகம்.

"ப்ரேவ் கேர்ள்" என்றார் அப்பா, மேலிருந்து.

ஃபோர்மேன் நிமிர்ந்து அவளைப் பார்த்தது. பதில் இல்லை. கொஞ்சம் அழுத்துகிறது என்று அதன் தாடையில் தெரிந்தது. அவள் கத்தினால், கடித்துவிட்டது என்று அவர் முடிவு செய்வார். கத்தாவிட்டால் அது இன்னும் அழுத்தும். 

செல்வம் சட்டென்று முழங்கால் போட்டான். "பாப்பா, கத்து!"

"வாட்?"

"வலிச்சா கத்தணும்டா. நீ சொல்லலேன்னா அதுக்குத் தெரியாது. கத்து!"

"என்ன செல்வம்? கடிக்குதா?" வீட்டுக்காரர் கட்டிய கையைப் பிரித்தார்.

தியா கத்தினாள். அந்த உயரமான கூரையில் போய் மோதித் திரும்பியது. சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்தது.

ஃபோர்மேன் விட்டது. தரையோடு ஒட்டிக்கொண்டது. இரண்டடி பின்னால் போய், கழுத்தை நீட்டிப் பார்த்தது. பிறகு வந்து அவள் சுண்டுவிரலை நக்கத் தொடங்கியது.

தியா விரலைத் தூக்கிப் பிடித்தாள். ரத்தம் இல்லை. பல்தடம் கூட இல்லை. ஈரம் மட்டும். "அப்பா! ஹி லிசன்ட் டு மீ!"

அவர் குனிந்து விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இப்ப இது கடிச்சதா, கடிக்கலையா?"

"வாயில வச்சுப் பாத்துச்சு சார்" என்றான் செல்வம். "சொன்னதும் விட்டுருச்சு."

வீட்டுக்காரர் மகளைப் பார்த்தார். பேன்ட்டை முழங்காலில் கொஞ்சம் தூக்கிவிட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். தன் கையை நீட்டினார். ஃபோர்மேன் முகர்ந்து, அவருடைய கட்டைவிரலை எடுத்துக்கொண்டது. அவர் உதட்டை மடித்தார்.

"அப்பா, யூ ஹாவ் டு ஷவுட்!"

"ஆ."

"லவுடர்!"

ஆபீசில் எத்தனை பேருக்கு மேலதிகாரியோ, தெரியாது. தன் வீட்டுப் பளிங்கில் உட்கார்ந்து, மகள் மூன்று முறை திருத்திய பிறகு, ஒருவழியாகக் கத்தினார். அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஃபோர்மேன் விட்டது.

ஊசிப் பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை. செல்வம் கரண்டியைத் தியாவிடம் கொடுத்து, மஞ்சள்கரு விவரம் சொன்னான். கிளம்பும்போது குனிந்து கையை நீட்டினான். அது முகர்ந்துவிட்டு அவன் சட்டைக்கைக்குள் தலையை நுழைத்தது. மெல்ல உருவி எடுத்து அவள் மடியில் விட்டான்.

திரும்பும் வழியில் சிக்னலில் வண்டி நின்றது.

"வருத்தமாடா?"

"ஒண்ணுமில்லண்ணே." பச்சை விழுந்தது. வண்டி நகர்ந்த பிறகு, ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான். "இருக்குண்ணே. ரொம்ப இருக்கு."

வாய்ஸ் மெசேஜ்

குளிர் தொடங்கிய மாதத்தில் செல்வம் லீவில் போனான். அறையில் அவன் கட்டில் காலி. கட்டிலுக்கு அடியில் ஃபோர்மேன் சேர்த்து வைத்திருந்த என் ஒற்றைக் காலுறை ஒன்று அப்போதுதான் கிடைத்தது. இன்னும் அந்த வாசம் இருந்தது.

ஒரு மதியம். ரூபன் போர்த்திப் படுத்திருந்தான். என் தலையணைக்கு அடியில் ஃபோன் அதிர்ந்தது. செல்வத்திடமிருந்து ஒரு குரல்செய்தி. படிக்குப் போகச் சோம்பலாக இருந்தது. ஒலியை அடிமட்டத்துக்குக் குறைத்துக் காதோடு வைத்துக்கொண்டேன்.

முதலில் ஏதோ சேவல். யாரோ நடக்கிற கொலுசு. ஒரு குழந்தை மூச்சு வாங்கிக்கொண்டு கிட்டே வருகிறது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

பிறகு செல்வம், "ஆத்தீ!" என்று கத்துகிறான். கீச்சென்று. சரியான நேரத்தில்.

மறுபடி ஒன்றுமில்லை.  அந்த அமைதியில் ஒரு சின்ன முகம் நிமிர்ந்து அவனைப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது.

"அப்பாவுக்கு வலிச்சுச்சா?" என்றது குழந்தை.

"ஆமாடா. வலிச்சுச்சு."

ஊ, ஊ என்று ஊதுகிற சத்தம். எச்சில் தெறிக்க ஊதுகிறாள். அதோடு முடிந்தது.

நான் அப்படியே கிடந்தேன். மறுபடி ஒருமுறை போட்டேன். மூன்றாம் முறை போட விரல் போனபோது பக்கத்துக் கட்டிலில் போர்வை அசைந்தது.

"அண்ணை."

"தூங்கு ரூபா. எழுப்பிட்டேனா?"

"உங்கட காதுக்க வச்சு என்ன ரகசியம்?" போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்து, மேலே மேலே என்று காட்டியது. "சத்தமாப் போடுங்கோ."